இரண்டாம் மணிச் சர்க்கரை

நள்ளிரவிலிருந்து பச்சைத் தண்ணீர்தான்.
ஈவ்லெத்திலிருந்து மினியாபொலிஸ் வரை
பனிவாரி வண்டியின் மஞ்சள் விளக்குக்குப் பின்னால்
ஊர்ந்து வருகிறாள் இர்யா.
காபிக் குடுவையை வேண்டுமென்றே விட்டுவந்திருக்கிறாள்,
பக்கத்தில் இருந்தால் கை நீளும்.

ஆரஞ்சு நிறத்தில் ஒரு பாட்டில்.
எழுபத்தைந்து கிராம் சர்க்கரை,
ஐந்து நிமிடத்துக்குள் குடித்தாக வேண்டும்.
இருபதாவது முறை. இன்னும் பழகவில்லை
கடைசி மடக்கில் தொண்டையை அடைக்கும் தித்திப்பு.

பிறகு நாற்காலி. முழங்கை மடிப்பில் ஊசி.
அரை மணிக்கொரு குழாய் இரத்தம்.
எழுந்து நடந்தால் கணக்குக் கெட்டுவிடும்.
சன்னலுக்கு வெளியே மிசிசிப்பி
ஓரங்களில் உறைந்து
நடுவில் மட்டும் ஓடிக்கொண்டிருக்கிறது.

எண்பத்திரண்டு மார்ச்சில், இதே கட்டடத்தில்,
அவள் கணையத்தின் வால்புறத்தை அறுத்தெடுத்துத்
தம்பி தாய்ஸ்தோவின் அடிவயிற்றில் தைத்தார்கள்.
ஒன்பது வயதில் தொடங்கியது அவனுக்கு.
இரவில் வியர்த்து நனைந்து
பெயர் கேட்டால் சொல்லத் தெரியாமல் விழிப்பான்;
உதட்டில் தேனைத் தடவித் தடவி
இழுத்து வருவாள்.
பாதியே ஒரு ஆளுக்குத் தாராளம் என்றார் மருத்துவர்.
பொய்யில்லை. அன்றைக்குத் தெரிந்தது அவ்வளவு.
இன்சுலின் சுரக்கும் தீவுகள்
வால்பக்கம்தான் நெருக்கம் என்பதை மட்டும்
யாரும் அழுத்திச் சொல்லவில்லை.

பழந்தமிழில் கணையம் என்றால்
கோட்டைக் கதவுக்கு உள்ளே குறுக்கே கிடக்கும் மரம்.
இர்யாவுக்கு இது தெரியாது, எனக்குத் தெரியும்.
யானை வந்து முட்டும்வரை
அதன் நீளத்தை யாரும் அளப்பதில்லை.
முதலாண்டு, இரண்டாம் மணியில் நூற்று இருபத்தெட்டு.
பத்தாம் ஆண்டு நூற்று அறுபத்து மூன்று.
வெறும் வயிற்று எண் மட்டும் ஒவ்வொரு முறையும்
நல்ல பிள்ளையாய்க் கைகட்டி உட்கார்ந்திருந்தது.
இடையில் தூரம் நின்றது,
பதினாறு கிலோ ஏறியது.
யானைகள்தான். சத்தமில்லாத யானைகள்.

தம்பிக்குள் போன பாதி ஆறு வருடம் உழைத்தது.
ஆறு வருடம் தனியாகப் படகெடுத்து
ஏரியில் தூண்டில் போட்டான்.
ஏழாவது வருடம் அவன் இரத்தம்
அதை அந்நியன் என்று கண்டுபிடித்துவிட்டது.

படிவத்தின் கடைசிக் கேள்வி எப்போதும் ஒன்றே:
மீண்டும் ஒருமுறை என்றால் தருவீர்களா?
பத்தொன்பது ஆண்டும் ‘ஆம்’ கட்டத்தில்
தாள் கிழிகிற மாதிரி அழுத்திக் கோடு போட்டாள்.
இந்த முறை, வீட்டில் நிரப்பி அனுப்புகிறேன் என்றாள்.

செவ்வாய்க்கிழமை தொலைபேசி.
இருநூற்று நாற்பத்தொன்று.

மாத்திரை ஒரு கோடையைக் கடத்தியது.
மேப்பிள் இலை சிவக்கையில் ஊசி.
பள்ளிப் பேருந்தின் சாவியை
அவளே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தாள்,
நாற்பத்தேழாம் எண் வண்டி,
இரண்டாவது கியரில் கொஞ்சம் கெஞ்ச வேண்டும்
என்பதையும் சொல்லி.

தாய்ஸ்தோ வந்தான். பூட்ஸைக் கழற்றினான்.
மன்னிப்பு என்ற சொல் அந்தக் குடும்பத்தில் புழங்குவதில்லை.
குளிர்பெட்டியில் வெண்ணெயை ஒதுக்கிக்
குப்பியை முட்டைக்குழியில் நிறுத்தினான்.
“தழும்புலேருந்து ரெண்டு விரல் தள்ளிப் போடு.
தழும்புல மருந்து சரியா இறங்காது.”

ஏலக்காய் மணக்கும் புல்லா ரொட்டியில்
கத்தி பாதியில் நின்றது.
“இதுக்கு எத்தனை யூனிட்?”
“சின்னத் துண்டுன்னா நாலு.
நீ என்னிக்குச் சின்னதா வெட்டியிருக்க?”

மேசையில் அந்தப் படிவம்,
மாதக்கணக்காய் அனுப்பாமல்.
கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிக்
கடைசி வரியை இரண்டு முறை படித்தான்.
“மறுபடியும் வாங்கிப்பியான்னு
என்னை ஒருத்தனும் கேட்டதில்ல.”

“கேட்டா?”

ரொட்டியைக் காபியில் தோய்த்தான்.
அதிகம் தோய்த்துவிட்டான்;
உடைந்து உள்ளே விழுந்ததைக்
கரண்டியால் தேடிக்கொண்டிருந்தான்.